ஒரு காயும் நாற்பது வளைவும்

அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்துக்கிறீங்களா? எனக்கு ஜன்னல் சீட்டுன்னா ரொம்பப் பிடிக்கும். ஆனா இன்னைக்குக் காத்து ஆகாது. எனக்கில்ல, இதுக்கு. மடியில இருக்கிற இந்த டிபன் டப்பாவுக்கு. அந்தக் கண்ணாடியையும் சாத்திடுங்க. ரொம்ப தேங்க்ஸ்.

சாப்பாடு இல்லக்கா. செடி. டப்பாவுல பாசியும் மண்ணும் போட்டு நிக்க வச்சிருக்கேன். மூடி போட்டா தலை இடிக்கும், அதான் ஷாலைக் கூடாரம் மாதிரி போட்டு மூடியிருக்கேன். ஏறும்போது கண்டக்டர் அண்ணன் கேட்டார், "என்ன பாப்பா, பாம்புக் குட்டியா?"ன்னு. நான் பதில் சொல்லலை. நான் அதிகம் பேசமாட்டேன். மஞ்சம்பாறை எஸ்டேட்டுல யாரை வேணா கேட்டுப் பாருங்க, தேயிலை ஃபேக்டரி டீமேக்கர் பொண்ணு சுகிர்தா எப்படின்னு. அந்தப் பொண்ணுக்குப் பேச வருமான்னு திருப்பிக் கேப்பாங்க. இன்னைக்கு மட்டும் என்னவோ, பேசாம இருந்தா கை நடுங்குது. கை நடுங்கினா காய் வெடிச்சிடும்.

ஐயோ, பயப்படாதீங்க. வெடின்னா அந்த வெடி இல்ல. காசித்தும்பைச் செடி தெரியுமில்ல? காயைத் தொட்டா டப்புன்னு சுருண்டு விதையைத் துப்புமே. நீங்களும் பள்ளிக்கூடத்துல தொட்டு விளையாடியிருப்பீங்க. அதோட சொந்தக்காரிதான் இது. என்ன, அது வீட்டுத் தோட்டத்துல வெயில்ல நிக்கும். இது காட்டை விட்டு வெளியே வராது. நல்ல நிழல் வேணும், கால் எப்பவும் ஈரத்துல இருக்கணும். இதுல ஒரே ஒரு காய் பழுத்து நிக்குது. அதை வெடிக்காம கோயம்புத்தூர் கொண்டு போகணும். இந்த மலையில நாற்பது கொண்டை ஊசி வளைவு. டிரைவர் அண்ணனைப் பார்த்தா பொள்ளாச்சியில யாரோ கல்யாணத்துக்கு முகூர்த்த நேரம் தவறின மாதிரி ஓட்டுறார்.

பிடிச்சுக்கோங்க, வளைவு வருது.

ம். போயிடுச்சு.

கதையைச் சொல்றேன், நீங்களே சொல்லுங்க யார் மேல தப்புன்னு. நான் பொள்ளாச்சியில எம்.எஸ்சி. தாவரவியல் முடிச்சுட்டு எஸ்டேட்டுக்கே திரும்பி வந்தேன். வாரநாள்ல ஆபீஸ்ல கம்ப்யூட்டர். சனி ஞாயிறுல பங்களாவுக்கு வர்ற விருந்தாளிங்களைக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய் இது என்ன மரம், அது என்ன கொடின்னு சொல்லணும். எனக்குப் போய் அந்த வேலை! ஆளுங்க முகத்தைப் பார்த்தா எனக்கு வார்த்தை வராது. அதனால மரத்தைப் பார்த்துப் பேசுவேன், பின்னாடி நிக்கிறவங்க கேட்டுக்கணும். ஒரு பெரியவர் கேட்டுட்டார், "ஏம்மா, அந்த மரத்துக்கு இதெல்லாம் தெரியாதா?"ன்னு.

இந்தத் தென்மேற்கு மழை ஆரம்பிச்ச சமயம். ஓடைக்கரையில ஒரு சென்னை மேடம் குனிஞ்சு, "இது பங்களா வாசல்ல தொட்டியில இருக்கிற ரோஸ் பூதானே?"ன்னாங்க. நானும் "ஆமா மேடம்"னுட்டேன். ஆமான்னு சொல்லிட்டா மேல பேச வேண்டியதில்ல பாருங்க. ஆனா சொன்ன பிறகு மனசு கேக்கலை. அவங்களை அனுப்பிட்டு நான் மட்டும் திரும்பிப் போய் மண்டி போட்டுப் பார்த்தேன்.

அதோட வால் தப்பா இருந்துச்சு.

இந்த வகைப் பூவுக்கெல்லாம் பின்னாடி ஒரு வால் இருக்கும்க்கா. தேன் அதுக்குள்ளதான். பங்களாப் பூவுக்கு வால் நீளம், தையல் நூல் மாதிரி மெலிசு. முகம் தட்டையா, நெத்தியில ஒட்டுற பொட்டு மாதிரி. ஓடைக்கரைப் பூவுக்கு வால் குட்டை. பூனை தூங்கும்போது வாலைச் சுருட்டிக்குமே, அப்படிச் சுருண்டிருக்கு. கீழ் இதழ் ரெண்டும் தாவணி மடிப்பு மாதிரி தொங்குது. தண்டு சிவப்பு. நிறம் மட்டும்தான் ரெண்டுக்கும் ஒண்ணு. பங்களாப் பூவுக்கு ஆப்பிரிக்காதான் பூர்வீகம். யாரோ அழகுக்குக் கொண்டு வந்து வச்சு, அது தொட்டியில இருந்து இறங்கிச் சாக்கடையோரம் எல்லாம் குடியேறிடுச்சு. அதனால எங்க ஊர்ல ரோஸ் நிறத்துல எது பூத்தாலும் அதுதான்னு நினைச்சுக்குவாங்க. நானும் அப்படித்தானே அத்தனை வருஷம் தாண்டிப் போயிருக்கேன்?

நான் தேடிப் பார்த்தவரைக்கும் இந்தப் பூ அந்த ஒரு கரையிலதான் இருக்கு. பாறைக்கும் தண்ணிக்கும் நடுவுல, இந்த பஸ் நீளம்தான் இருக்கும். சரியா அதே இடத்துலதான் பெரிய துரைக்குச் சிமெண்ட் படி கட்டணும். விருந்தாளிங்க தண்ணிவரைக்கும் இறங்கிப் போட்டோ எடுக்கணுமாம்.

பெரிய துரைன்னா எங்க மேனேஜர். வெள்ளைக்காரன் போனாலும் துரைங்கிற பேர் போகலை. அவருக்கு அடுத்தவர் சின்ன துரை. அவரைப் பத்தி அப்புறம் சொல்றேன். நிறைய இருக்கு.

ஆபீஸ் கூட்டத்துல நான் வாயைத் திறந்தேன்க்கா. வேலைக்குச் சேர்ந்து முதல் தடவை. மேஜைக் காலைப் பார்த்துத்தான் சொன்னேன், "அது காட்டோட பூ சார், பங்களாப் பூ இல்ல"ன்னு. எல்லாரும் மேஜைக் காலைக் குனிஞ்சு பார்த்தாங்க. பெரிய துரை சிரிச்சார். "சுகிர்தா, அது நம்ம வாசல் பூம்மா. மழைக்கு ஓடையோரம் ஒதுங்கியிருக்கு. இன்னைக்குப் பிடுங்கினா நாளைக்கு வேற இடத்துல முளைக்கும்"னார். நான் அப்பவும் மேஜைக்காலை விடலை. கடைசியில, "சரி, கோயம்புத்தூர்ல விவரம் தெரிஞ்ச யாராவது இது காட்டுப் பூதான்னு சொல்லட்டும், படியை மேல்பக்கமாத் திருப்பிக்கிறேன். அதுக்காக வேலையை நிறுத்தி வைக்கமாட்டேன். நீ முந்துறியா, சிமெண்ட் முந்துதான்னு பார்ப்போம்"னார். கெட்டவர் இல்லக்கா. பந்தயம் கட்டுற புத்தி.

படி வேலையைப் பார்க்கிற பொறுப்பைச் சின்ன துரைகிட்ட குடுத்தார். அங்கதான் என் தலைவலி ஆரம்பம்.

பொறுங்க, வளைவு. காலை முன் சீட்டுக் கம்பியில முட்டுக் குடுத்துக்கோங்க. இந்த எலுமிச்சம்பழம் நீங்க வச்சிருக்கிறதா? மோந்துக்கோங்க, எனக்கு வேண்டாம். எனக்கு மலைப்பாதை பழகிடுச்சு.

கோயம்புத்தூர்ல ஒரு ஆராய்ச்சி நிலையத்துல இந்துமதி மேடம்னு ஒருத்தங்க இருக்காங்க. இந்த வகைப் பூவுக்குன்னே வாழ்நாளைக் குடுத்தவங்க. போன் பண்ணினேன். அதுக்கே ரெண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். அவங்க சொன்னாங்க, செடியைப் பேப்பருக்கு நடுவுல அமுக்கிக் காயவச்சு அனுப்புன்னு. எங்க ஊர் மழையில போட்ட துணி காயாது, பேப்பர் காயாது, இது எங்க காயும்? இந்தச் செடி உடம்பு பூரா தண்ணி வேற. மூணாம் நாள் பூஞ்சை பிடிச்சு நாறிப் போச்சு. அழுதுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா ஷிஃப்ட் முடிஞ்சு வந்தார்.

"என்ன பாப்பா, காயணும், அவ்வளவுதானே? உங்கப்பன் யாரு?"

"அப்பா, இது தேயிலை இல்ல."

"எதுவா இருந்தா என்ன? ஈரம் ஈரம்தான். என்கிட்ட குடு."

குடுத்துட்டேன்க்கா. முப்பது வருஷமா ஃபேக்டரியில இலையைக் காயவைக்கிறவர், அவர்கிட்ட குடுக்காம யார்கிட்ட குடுப்பேன்? மறுநாள் சாயங்காலம் ஒரு சின்ன டப்பாவோட வந்தார். முகத்துல அவ்வளவு பெருமை. "முதல்ல பரப்பி வாடல் போட்டேன். அப்புறம் மெஷின்ல உருட்டி நொறுக்கி டிரையர்ல விட்டேன். மூணு சதவீதம் ஈரம்தான் இருக்கு, உங்க மேடம் வேணும்னா சோதிச்சுப் பார்க்கட்டும்." திறந்தா பழுப்பு நிறத் தூள். பூ எது, இலை எது, வால் எதுன்னு ஒண்ணும் தெரியலை. அப்பா ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்த்து, "மணம் கம்மிதான்"னார். அம்மா உள்ள இருந்து, "கொதி தண்ணி ஊத்திப் பார்க்கலாமா?"ன்னாங்க.

சிரிங்க, சிரிங்க. எனக்கும் இப்ப சிரிப்புதான் வருது.

அப்புறம் போட்டோ அனுப்பினேன். மேடம் பார்த்துட்டு, "வால் சரியாத் தெரியலைம்மா. எல்லாப் போட்டோலயும் ஓரத்துல ஒரு ஷூ இருக்கே, அது என்ன, அளவுக்கு வச்சிருக்கியா?"ன்னு கேட்டாங்க. "ஆமா மேடம், அளவுக்குத்தான்"னுட்டேன். வேற என்ன சொல்ல? சின்ன துரையோட ஷூக்கா அது. நான் எப்ப ஓடைக்குப் போனாலும் படிக்கு அளவெடுக்கிறேன்னு வந்து நிப்பார். மதிவாணன்னு பேர். தஞ்சாவூர்ப் பக்கம், வயக்காட்டு ஆளு. மலையில நடக்கவே தெரியாது. வலது ஷூவுக்குக் கறுப்பு லேஸ், இடது ஷூவுக்குப் பழுப்பு லேஸ். அட்டை கடிக்காம இருக்கப் போடுற நீள சாக்ஸ் இருக்கே, அதை உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி போட்டிருப்பார். வலது குதிகால்தான் முதல்ல தேயும், சாய்ஞ்சு நடக்கிற ஆளு. பாறையில நின்னா பெருவிரலைத் தரையில அழுத்திக்குவார், பயத்துல.

முகமா? முகம் எனக்கெப்படிக்கா தெரியும், நான் நிமிர்ந்து பார்த்தாத்தானே? இடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கும், சின்னதா, சைக்கிள்ல விழுந்ததாம். சிரிச்சா வலது கன்னத்துல மட்டும் குழி விழும். மழையில கண்ணாடியைச் சட்டைக் காலர்ல துடைப்பார், துடைச்சதும் இன்னும் மங்கலாயிடும். மத்தபடி நான் சரியாப் பார்த்ததில்ல.

ஏன்க்கா இருமுறீங்க? தண்ணி வேணுமா?

அவர் கதையைச் சொல்றேன்னேன்ல. அப்படி ஒரு மறதிக்கார மனுஷனை நான் பார்த்ததே இல்ல. படி வேலை தொடங்க வேண்டிய அன்னைக்கு அளவு நாடாவைத் தொலைச்சுட்டார். புதுசு வந்தது. அடுத்து, சிமெண்ட் லாரி எங்க எஸ்டேட்டுக்கு வராம மலைக்கு அந்தப் பக்கம் வேற எஸ்டேட்டுக்குப் போய் இறக்கிட்டுது. யார் அனுப்பினது? இவர்தான் டிரைவருக்கு வழி சொன்னாராம். அது திரும்பி வர்றதுக்குள்ள கொத்தனாருக்கு லீவு குடுத்து அனுப்பிட்டார். கொத்தனார் வந்ததும், படி எங்க வரணும்னு அடையாளத்துக்குச் சிவப்பு ரிப்பன் கட்டுவாங்க பாருங்க, அதை ஓடைக்கரையில கட்டாம மேல்பக்கம் மரத்துல எல்லாம் கட்டி வச்சிருக்கார்! பெரிய துரை எல்லார் முன்னாடியும் கத்தினார். "மதி, உங்களுக்குக் கிழக்கு மேற்கு தெரியுமா தெரியாதா?" இவர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "மேடு பள்ளம் இன்னும் பழகலை சார், எங்க ஊர்ல எல்லாம் சமதரை"ங்கிறார். மறுபடி கட்டலாம்னா ரிப்பன் குறையுது. அதுவும் எங்கே போச்சுன்னு தெரியலையாம். ஒரு வேலையை உருப்படியா முடிக்கத் தெரியாதாக்கா ஒரு ஆளுக்கு? எனக்கு அதுல நாள் கிடைச்சுது, அது வேற விஷயம். ஆனாலும் பொறுப்புன்னு ஒண்ணு வேணாமா?

வளைவு. ஷாலை ஒரு ஓரம் பிடிக்கிறீங்களா? ஆங், அப்படியே. ரொம்ப நல்லவங்கக்கா நீங்க.

கடைசியில மேடம் தீர்மானமா சொல்லிட்டாங்க. பூவை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது, பழுத்த விதை வேணும், விதையோட தோலைப் பார்த்தாத்தான் எந்தச் சந்தேகமும் இல்லாம சொல்ல முடியும்னு. ஒப்பிட்டுப் பார்க்கப் பங்களாப் பூவோட விதையும் கேட்டாங்க. அது சுலபம். தொட்டியைத் தூக்கிப் பேப்பர் மேல சாய்ச்சுத் தட்டினேன், படபடன்னு கொட்டிடுச்சு. தனியா பொட்டலத்துல வச்சிருக்கேன். ஓடைக்கரையில எதைச் சாய்க்கிறது? காய் வெடிச்சா விதை பாதி தண்ணியில, பாதி பாசியில. கீழே கிடக்கிறதைப் பொறுக்கினா அது இதோட விதையா, மழையில அடிச்சுக்கிட்டு வந்த பங்களா விதையான்னு யார் சொல்றது? பச்சைக் காயைப் பறிச்சா விதை முத்தியிருக்காது. பழுத்ததைத் தொட்டாலே போச்சு.

நான் ஒவ்வொரு காயா கண்ணால பார்த்து எது பழுத்திருக்குன்னு சொல்லத் தயங்கிக்கிட்டு நிப்பேன், சின்ன துரை வந்து, "இதுவா சுகிர்தா?"ன்னு விரலை நீட்டுவார். "தொடாதீங்க சார்"னு சொல்லணும்னு எனக்குள்ள வார்த்தை கிளம்பி வாய்க்கு வர்றதுக்குள்ள, டப்! கையில ஒண்ணும் இருக்காது. வாயெல்லாம் பல்லு. சின்னப் பிள்ளை மாதிரி சிரிப்பார். அஞ்சாறு காய் இப்படிப் போச்சு.

போதாக்குறைக்கு நெல்லுப் பெருமை வேற. "எங்க ஊர் விதைப் பண்ணையில கதிர் பால் பிடிக்கும்போதே காகித உறை போட்டுக் கட்டிடுவாங்க தெரியுமா? அப்புறம் ஒரு மணி வெளியே போகாது"ங்கிறார். நான் அழற நிலைமையில நிக்கிறேன், இவருக்கு நெல்லு! நான் "சரி சார்"னு சொல்லிட்டு வந்துட்டேன். எதுக்கெடுத்தாலும் அவங்க ஊர், அவங்க வயல்.

என்ன கேட்டீங்க? இந்தக் காய்க்கும் ஒரு பையைப் போட்டுக் கட்டியிருக்கலாமேன்னா? எப்படிக்கா, பழுத்த பிறகு கட்டப் போனா கட்டும்போதே வெடிச்சிடுமே. பிஞ்சா இருக்கும்போதே கட்டியிருக்கணும். அப்ப எனக்குத் தோணலை. அது யாருக்குத் தோணும்?

ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீங்க?

இப்ப இனிமே நாள் இல்ல. திங்கக்கிழமை பெரிய துரையே ஓடைக்கு வந்து நின்னு வேலையை ஆரம்பிக்கப் போறார். சின்ன துரைகிட்ட விட்டா பொங்கல் வரைக்கும் இழுக்கும்னு தெரிஞ்சு போச்சு அவருக்கு. மழையும் குறையுது, காயும் தீர்ந்துடுச்சு. இன்னைக்குக் காலையில விடிஞ்சதும் போய்ப் பார்த்தா பழுத்த காயோட என் கண்ணுக்குப் பட்டது இந்த ஒரே செடி, அதுல இந்த ஒரே காய். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வேரோட பெயர்த்து எடுத்தேன். இன்னைக்கு மேடம் பார்த்துட்டு போன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டா, படி மேல போயிடும். சொல்லலைன்னா அந்தக் கரையில சிமெண்ட். அவ்வளவுதான்.

இதையும் கேளுங்க. பஸ் ஸ்டாண்டுல வண்டி கிளம்பப் போகுது, நான் ஒரு கால் படியில வச்சுட்டேன், மூச்சு வாங்க ஓடி வர்றார் சின்ன துரை. ஷூ ரெண்டும் லேஸுக்கு மேல நனைஞ்சிருக்கு, நுனியில பாசி. பஸ் ஸ்டாண்டுக்கு வர்ற ஆளு எதுக்கு ஓடையில இறங்கணும்? என் கையில ஒரு டீ பேக்கைத் திணிச்சார். டீ பேக்! பங்களாவுல விருந்தாளிங்களுக்கு வைக்கிறது. எங்கப்பா டீமேக்கர்க்கா! எங்க வீட்டுல டீ பேக்குன்னா அப்பா எழுந்து வெளியே போயிடுவார், "தூளைத் துணி கட்டிக் குளிப்பாட்டுறானுங்க"ம்பார். எனக்கு வழியில குடிக்க டீ பேக்! ஏதோ சொல்ல ஆரம்பிச்சார். நான் எங்க நிமிர்ந்தேன்? "சரி சார், தேங்க்ஸ் சார்"னு சொல்லிட்டுப் பை ஓரத்துல போட்டுட்டு ஏறிட்டேன். மனுஷர் கைப்பிடிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு கூடவே கொஞ்ச தூரம் ஓடி வந்தார். இவ்வளவு அக்கறை அந்த சிமெண்ட் லாரி மேல இருந்திருக்கலாம்.

ஐயோ! என்ன பிரேக் இது!

வெடிக்கலை. இருக்கு. இருக்குக்கா. உயிரே போயிட்டு வந்துது. எதுக்கு நிறுத்தினாங்க? வரையாடா? ஆமா, அதோ பாறை மேல, குட்டியோட. எல்லாரும் எழுந்து நின்னு போன்ல எடுக்கிறாங்க. வண்டி இன்னும் கொஞ்ச நேரம் நகராது. அக்கா, உங்களுக்கு ஆடு பார்க்க வேணாமா? பூவைப் பார்க்கணுமா? நிஜமாவா? இத்தனை நாள்ல யாருமே என்கிட்ட அப்படிக் கேட்டதில்லக்கா. அவர் கேட்டிருக்கார், அவரை விடுங்க.

மெதுவா. ஷாலை நான் தூக்குறேன், நீங்க குனிஞ்சு பாருங்க. கையைக் கட்டிக்கோங்க. மூச்சை அந்தப் பக்கமா விடுங்க. இதோ, இது பூ. பின்னாடி பாருங்க, வால். பூனை மாதிரி இல்ல? அதுக்குக் கீழ இலை மறைவுல, உப்பிக்கிட்டு, வெளிர் பச்சையா... அதுதான். அழகா இருக்கில்ல? தண்டு சிவப்பைப் பாருங்க, மருதாணி வச்ச விரல்...

டப்.

...

இல்லக்கா. நீங்க ஒண்ணும் பண்ணலை. நீங்க தொடவே இல்லையே. அதுக்கு நேரம் வந்துடுச்சு, அவ்வளவுதான். என் ஷால் நுனி பட்டிருக்கும்.

தேடாதீங்கக்கா. யாரோ கேழ்வரகு மூட்டையைச் சிந்தியிருக்காங்க, தரை பூரா அதுதான் கிடக்கு. உங்க சேலையில ஒட்டியிருக்கிறது விதையா கேழ்வரகான்னு எனக்கே தெரியலை. ஒண்ணு கண்டக்டர் அண்ணன் பைக்குள்ள போனதைப் பார்த்தேன். எனக்கு ஒண்ணுமில்லக்கா. கண்ணுல தண்ணி அதுவா வருது. பெரிய துரை திங்கக்கிழமை "பார்த்தியா, சிமெண்ட் முந்திடுச்சு"ன்னு சிரிப்பார். நானும் "ஆமா சார்"னு சொல்லிடுவேன். எனக்கு அதுதானே வரும்.

கர்ச்சீப் பையில ஓரத்துல இருக்கும், எடுத்துக் குடுக்கிறீங்களா? அது இல்லக்கா, அது அந்த டீ பேக். தூக்கிப் போடுங்க. என்ன? லேசா இருக்கா? தூளே இல்லையா? எப்படி இல்லாம இருக்கும், குடுங்க.

இது... வாய்ப்பக்கம் பிரிச்சுத் தூளைக் கொட்டிட்டு மறுபடி கட்டியிருக்கு. வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. உள்ள ஏதோ சுருண்டு கிடக்கு. அக்கா, இது காய். வெடிச்ச காய். இதோ பக்கத்துல விதை, ஒண்ணு, ரெண்டு... நிறைய இருக்கு! ஒரு விதை வெளியே போகலை. காம்புக் கணுவுல பாருங்க, ஒரு இலை, ஒரு பூ கூட ஒட்டிக்கிட்டு இருக்கு, வாலோட. வேற செடியோடதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. பை மழையில நனைஞ்சு காய்ஞ்சு கறை பிடிச்சிருக்கு. இது இன்னைக்குக் கட்டினது இல்லக்கா. பல நாளா செடியிலயே இருந்திருக்கு. பிஞ்சா இருக்கும்போதே...

நெல்லுக் கதிருக்கு உறை.

என்கிட்ட லென்ஸ் இருக்கு, கழுத்துல கயித்துல தொங்குது பாருங்க. பங்களா விதைப் பொட்டலத்தையும் பிரிங்க. வண்டி கிளம்புறதுக்குள்ள. இது பங்களா. இது நம்மது. அக்கா, நீங்களே பாருங்க, கண்ணுகிட்ட வச்சு. ரெண்டும் ஒண்ணா? இல்லையில்ல? தோலே வேற! படிக்காதவங்க பார்த்தாலும் வேறன்னு தெரியுதில்ல? பேர் என்னன்னு மேடம் சொல்லட்டும். பங்களாப் பூ இல்ல. அது நிச்சயம். இல்லவே இல்ல! அண்ணே, ஒண்ணுமில்லண்ணே, நான்தான் கத்தினேன். பாம்பு இல்லண்ணே. பூ!

எல்லாரும் பார்க்கிறாங்களாக்கா? பார்க்கட்டும்.

இதை எதால கட்டியிருக்குன்னு பார்த்தீங்களா? சிவப்பு ரிப்பன். படிக்கு அடையாளம் கட்டுற ரிப்பன். குறையுது குறையுதுன்னு தேடினாங்களே... அப்ப இதுக்குத்தான்... எத்தனை காய்க்குக் கட்டினாரோ, ஒண்ணுகூட என் கண்ணுல படலையே. நான் எங்க நிமிர்ந்து பார்த்தேன். அக்கா, ரிப்பன் தொலையலைன்னா... அந்த அளவு நாடா? சிமெண்ட் லாரி? கொத்தனார் லீவு? மேல்பக்கம் மரத்துல கட்டினது...

பெரிய துரை எல்லார் முன்னாடியும் கத்தினாரே அக்கா. கிழக்கு மேற்கு தெரியாதான்னு கேட்டாரே. தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னாரே.

நீங்க ஏன் சிரிக்கிறீங்க? உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? எப்ப கண்டுபிடிச்சீங்க? ஷூவுலயா? ஷூ சொல்லும்போதேவா! நான் எம்.எஸ்சி. படிச்சவக்கா. வாலை வச்சுப் பூவை அடையாளம் சொல்றவ. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாற்பது வளைவும் அவரைத் திட்டிக்கிட்டே வந்திருக்கேன்.

வண்டி கிளம்பினதே தெரியலை, சமதரை வந்துடுச்சு. ஆழியார் அணை தெரியுது பாருங்க. இனிமே ஜன்னலைத் திறந்துக்கலாம். போன்ல சிக்னலும் வந்திருக்கும்.

ஐயோ, அடிக்குது. அவர்தான். எப்பவும் நான் எடுக்கமாட்டேன்க்கா, அப்புறம் "சரி சார்"னு மெசேஜ் மட்டும் போடுவேன். எடுக்கணுமா? என்ன சொல்றது? நீங்க பேசுங்களேன். மாட்டீங்களா? சரி, டப்பாவைப் பிடிங்க. பையைக் கெட்டியாப் பிடிங்க, அதை விட்டுடாதீங்க.

ஹலோ... சார்... சுகிர்தா பேசறேன்.

இல்ல சார், சத்தமில்ல, பஸ்தான். ஆமா, ஆழியார் வந்துட்டேன். ம். என் காய் வெடிச்சுப் போச்சு சார்.

இல்ல, அழலை. சார், வந்து... டீ... ரொம்ப நல்லா இருந்துச்சு சார்.

அக்கா, சிரிக்காதீங்க, அவருக்குக் கேட்டுடும்.